இரண்டாம் கணினி கிடைக்கவில்லை

திருத்தணியில் ஓர் அச்சுக்கோப்பு அலுவலகத்தில் நான் இரண்டரை ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக இருந்தேன். அஞ்சல்வழியில் தமிழ் முதுகலை படித்துக்கொண்டே பார்த்த வேலை அது. அதோடு சேர்ந்து, நான் கேட்காமலே, கோப்புகளுக்கு அன்றாடம் நகல் எடுத்து வைக்கும் பேக்கப்பைப் பார்க்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. எனக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவருக்கு ஓர் ஒப்படைப்புக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தபோது ஒரு பக்கத்தில் முடியவில்லை.

1. சனிக்கிழமை காலை

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. அலுவலகத்தில் நான்கு கணினிகள். முதலாவது சர்வர். மற்ற மூன்றில் தட்டச்சு. நான்கையும் இணைப்பது, சன்னலோரம் ஒரு பலகைமேல் இருந்த ஹப். சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. நாள் முழுவதும் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் கணினியில் உட்காருபவர் தேசம்மாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து பேருந்தில் வருவார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ‘அக்கா’ என்றே கூப்பிடுவேன். அவர் என்னைத் ‘தமிழம்மா’ என்பார். தமிழ் படித்தும் நான் அதிகம் பேசுவதில்லை என்பதற்கான கேலி அதில் பாதி. நாளொன்றுக்கு இருபத்தொரு பக்கம், அதுவும் பிழை குறைவாகத் தட்டச்சு செய்பவர் எங்கள் ஊரில் வேறு எவரும் இல்லை. சென்னைப் பதிப்பகம் ஒன்று ஒரு மூலிகை அகராதியை எங்களிடம் தந்திருந்தது. தேசம்மாள் அப்போது உயிரெழுத்து வரிசையில் இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை இரண்டாம் கணினி திறக்கவில்லை. உள்ளே கடகடவென்று ஓர் ஓசை மட்டும் வந்தது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

முதலாளி பாஸ்கர் சார் பதறவில்லை. “பேக்கப் இருக்குதில்ல. நேத்து வரைக்கும் எடுத்துப் போட்டுடு” என்றார்.

நான் சர்வரில் பார்த்தேன். வியாழக்கிழமை வரை இருந்தது. வெள்ளிக்கிழமை இல்லை.

எங்கள் முறை இதுதான். ஆறு மணிக்கு எல்லாரும் கணினிகளை அணைக்காமல் கிளம்புவோம். ஆறரைக்குச் சர்வரில் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு பேட்ச் ஃபைல் தானாக ஓடும். அது இரண்டு, மூன்று, நான்கு என்ற வரிசையில் ஒவ்வொரு கணினியிலிருந்தும் கடைசியாக எடுத்தபின் மாறிய கோப்புகளை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, நடந்ததை லாக் கோப்பில் எழுதும். ஏழரைக்கு எல்லாக் கணினிகளும் தாமே அணைந்துகொள்ளும். மறுநாள் காலையில் லாக்கைப் படித்து, என் நோட்டுப்புத்தகத்தில் தேதியிட்டு ஒரு வரி எழுதுவது என் வேலை.

வெள்ளிக்கிழமை லாக்கில், இரண்டாம் கணினிக்கான பாதை கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதன்பின் ஒன்றும் இல்லை. நான் அதைச் சுருக்கி, அழகாக, நோட்டில் எழுதினேன்: ‘இரண்டாம் கணினி கிடைக்கவில்லை.’

பாஸ்கர் சார் அந்த வரியைப் படித்துவிட்டுத் தேசம்மாளை நிமிர்ந்து பார்த்தார்.

“நேத்து கெளம்புறப்போ சிஸ்டத்த ஆஃப் பண்ணிட்டியா?”

“இல்ல சார். ஓடிகினுதான் இருந்துச்சு.”

“ஓடிகினு இருந்துச்சுன்னா சர்வருக்கு ஏன் கெடைக்கல? தமிழம்மா எழுதி வெச்சிருக்குது பாரு. பஸ்ஸு கும்பலா இருக்கும்னு அவசரத்துல அணைச்சிட்டு ஓடியிருப்ப.”

தேசம்மாள் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

அன்றும் திங்களன்றும் அவர் சர்வரில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமையின் பதினெட்டுப் பக்கங்களையும் மறுபடி அடித்தார். விசைப்பலகையின் ஓசை மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

2. புதிய நெட்வொர்க் கார்டு

பாஸ்கர் சார் இரண்டு முடிவுகள் எடுத்தார். ஒன்று, அரக்கோணத்து சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தது. அவர் புது ஹார்ட் டிஸ்க் போட்டார், லாக்கைப் பார்த்தார், இரண்டாம் கணினியின் நெட்வொர்க் கார்டும் பழையது என்று அதையும் மாற்றினார். போகும்போது, இனி பிரச்சினையே வராது என்றார்.

மற்றொன்று, தேசம்மாள் தினமும் பேக்கப் முடியும்வரை உட்கார்ந்திருந்து, அதன்பிறகே கிளம்ப வேண்டும் என்றது. ஆறு மணிப் பேருந்து போய்விட்டால் அடுத்தது ஏழரைக்கு. வீட்டில் அவருக்காகப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும், தறியிலிருந்து இறங்கி வரும் கணவரும் காத்திருப்பார்கள். இன்னொரு முறை இப்படி ஆனால் பதிப்பகம் வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்றும், அப்போது இரண்டாம் கணினிக்கு ஆளே தேவைப்படாது என்றும் சார் சொன்னார். உரக்கச் சொல்லவில்லை. ஆனால் நான்கு பேர் உட்காரும் அறையில் மெதுவாகச் சொல்வதும் எல்லாருக்கும் கேட்கும்.

பேக்கப் ஒழுங்காக நடந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். என் நோட்டில் ‘சரி’ என்று வரிசையாக விழுந்தது. சாருக்கு நிம்மதி. புதுக் கார்டு போட்டது நல்லதாயிற்று என்றார். தேசம்மாளைக் காக்க வைத்ததும் நல்லதாயிற்று என்று அவர் நினைத்தார் என்பதும் தெரிந்தது.

எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. நான்கரை மாதங்களுக்கு முன் நான் சேர்ந்த நாளிலிருந்து எழுதிய நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். இதற்கு முன்பும் மூன்று நாட்கள் ‘கிடைக்கவில்லை’ என்று இருந்தது. எதுவும் கெடாததால் அப்போது யாரும் கேட்கவில்லை. மறுநாள் பேக்கப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. மொத்தம் நான்கு நாட்கள். ஒரு செவ்வாய், ஒரு திங்கள், ஒரு சனி, கடைசியாக அந்த வெள்ளி.

கிழமைகள் பின்னோக்கி நடந்திருந்தன. இடையில் எத்தனை நாட்கள் என்று எண்ணினேன். இருபத்தேழு. பிறகு ஐம்பத்து நான்கு. பிறகு மறுபடி இருபத்தேழு. பழைய நெட்வொர்க் கார்டு ஒன்று இவ்வளவு ஒழுங்காகக் கெட்டுப்போகுமா? பேருந்துக்கு ஓடும் பெண்ணொருத்தி இருபத்தேழு நாளுக்கு ஒருமுறை மட்டும் அவசரப்படுவாளா?

ஐம்பத்து நான்கின் நடுவில் விழும் நாளைக் கணக்கிட்டேன். ஞாயிற்றுக்கிழமை. அலுவலக விடுமுறை, அன்று பேக்கப் கிடையாது. அதனால்தான் அந்த ஒரு நாள் என் நோட்டில் இல்லை.

3. நாள்காட்டித் தாள்கள்

தேசம்மாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வந்ததும் சர்வர் மேசைக்கு மேலே தொங்கும் நாள்காட்டியில் முந்தைய நாள் தாளைக் கிழிப்பார். அதன் பின்புறத்தில் முந்தைய நாள் அடித்த பக்கங்களின் எண்ணிக்கையை எழுதி என்னிடம் தருவார். நான் அவற்றை ஒரு கம்பியில் குத்தி வைப்பேன். வெள்ளைத் தாளை வீணாக்க அவருக்கு மனம் வராது.

கெட்ட நான்கு நாட்களில் அவர் எவ்வளவு வேலை செய்தார் என்று பார்க்கலாம் எனத் தோன்றியது. ஒரு புதன்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடும்போது, கம்பியிலிருந்து அந்த நான்கு தாள்களையும் உருவினேன். பதினேழு, பத்தொன்பது, பதினெட்டு, பதினெட்டு. நான்கு நாளும் வழக்கத்தைவிட மூன்று பக்கம் போலக் குறைவு. ஒரு மணி நேர வேலை குறைந்திருக்கிறது.

தாள்களைத் திருப்பி வரிசையாக வைத்தேன். தேதி, கிழமை, ராகுகாலம், எமகண்டம். அதன் கீழே சிறிய எழுத்தில் நான்கிலும் ஒரே சொல். கிருத்திகை.

திருத்தணியில் வேலை செய்துகொண்டு கிருத்திகையை மறந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கிருத்திகை அன்று மலைக்கு வரும் காவடியும் கூட்டமும் ஊரையே அடைத்துவிடும். பேருந்து நகராது. அதனால் எங்களுக்கு அன்று மட்டும் ஐந்து மணிக்கே விடுமுறை. பாஸ்கர் சாரும் மலைக்குப் போய்விடுவார். நானும் ஒவ்வொரு முறையும் ஐந்து மணிக்குக் கிளம்பி, நெரிசலில் நுழைந்து, வீட்டுக்குப் போக மணவூர் ரயிலைப் பிடித்திருக்கிறேன். மறுநாள் வந்து நோட்டில் ஆங்கிலத் தேதி மட்டும் எழுதியிருக்கிறேன். ஊர் நட்சத்திரம் பார்த்து நடந்துகொண்டிருந்தது. நான் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள்காட்டியில் முன்னோக்கிப் பார்த்தேன். அடுத்த கிருத்திகை நாளை மறுநாள், வெள்ளி. நட்சத்திரச் சுற்று இருபத்தேழு நாளுக்குச் சற்றே கூடுதல் என்பதால், இம்முறை இருபத்தெட்டாம் நாள்.

தேசம்மாளிடம் தாள்களைக் காட்டினேன். அவர் சாப்பாட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே குனிந்து படித்தார்.

“அப்ப முருகனே வந்து கம்ப்யூட்டர நிறுத்துறாருன்னு சொல்றியா?”

“யாரோ நிறுத்துறாங்க அக்கா. நீங்க இல்ல.”

“அத மொதல்ல எழுதியிருந்தா, நான் மூணு வாரம் ஏழர பஸ்ஸுல போயிருக்க மாட்டேன்ல” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “சரி, வுடு. ஊறுகா வேணுமா?” என்றார்.

4. கிருத்திகை மாலை

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தேசம்மாளைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். கிளம்புமுன் அவர் கணினியின் திரை எரிவதை நானும் அவரும் சேர்ந்து பார்த்தோம். பாஸ்கர் சாரிடம், அன்று மட்டும் அவர் ஏழு மணிக்கு மேல் மலைக்குப் போக முடியுமா என்று கேட்டேன். அவரிடம் நான் அதுவரை எதையும் கேட்டதில்லை; அந்த வியப்பிலேயே அவர் சம்மதித்து மாடிக்குப் போனார். அவர் குடும்பம் அலுவலகத்துக்கு மேல்தளத்தில்தான் குடியிருந்தது.

நான் சர்வர் முன் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆறேகாலுக்குக் கதவு திறந்தது. தோளில் ஒரு வயர்ச் சுருளும் கையில் ஓர் ஆம்ப்ளிஃபையருமாகப் பாஸ்கர் சாரின் தந்தை உள்ளே வந்தார். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். தெருவில் எல்லாருக்குமே அவர் நைனாதான்.

“இன்னாமா, நீ போவலியா? ரயிலு கும்பலாய்டும்” என்றார். கேட்டபடியே நேராகச் சன்னலோரம் போனார். வயரைச் சன்னல் வழியாக வெளியே விட்டார். குனிந்து, ஹப்பின் பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைச் செருகினார். பச்சை விளக்குகள் அணைந்தன.

கிருத்திகைதோறும் எங்கள் வாசலில் நீர்மோர்ப் பந்தல் போட்டு, கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிடுவது நைனாவின் தொண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஐந்து மணிக்குப் போய்விடுகிறவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. சார் பார்த்திருக்கிறார், ஆனால் மின்சாரம் எங்கிருந்து போகிறது என்று அவர் கேட்டதில்லை.

“நைனா, ஏன் அந்த பிளக்கு?” என்றேன்.

“கரன்ட் போனாலும் சாவாத பிளக்கு இந்த ரூம்பிலதான்மா இருக்குது. போன வருசம் ஒரு அம்மா பேர பாதி சொல்றப்பவே கரன்ட் போயிடுச்சு. அந்தம்மா மீதிப் பேரு என்னான்னு நானே மறந்துட்டேன். அதுலேர்ந்து யு.பி.எஸ்.ஸுதான்.”

“நீங்க பிடுங்கினது எது தெரியுமா?”

“கம்ப்யூட்டர் எதையும் நான் தொடலமா. பாஸ்கரு திட்டுவான். இது சும்மா சீரியல் லைட்டுதானே? பச்சையா மினுக்கிகினு இருக்கும், சாமி படத்துக்குப் போட்டு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். முடிஞ்சதும் மறக்காம திரும்ப சொருகிடுவேன்.”

பலகைக்கு மேலே சுவரில் முருகன் படம் இருந்தது உண்மை. அவர் மறக்காமல் திரும்பச் செருகியதும் உண்மை. அந்த ஒழுங்குதான் நான்கு மாதங்கள் எங்களைத் திணறடித்தது.

நான் எதையும் மாற்றாமல் காத்திருந்தேன். ஆறரைக்குப் பேட்ச் ஃபைல் ஓடியது. ஒரு நிமிடத்தில் நின்றது. பாஸ்கர் சாரைக் கூப்பிட்டேன். சர்வர் திரையில் அதே வரி: இரண்டாம் கணினிக்கான பாதை கிடைக்கவில்லை. அதற்கு ஆறடி தள்ளி இரண்டாம் கணினி திரை எரிய, மின்விசிறி ஓட, கடுக்காய்க்கான விளக்கத்தில் கர்சர் துடிக்க, நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

சார் அதைப் பார்த்தார். இதைப் பார்த்தார். ஹப்பைப் பார்த்தார். கடைசியாகத் தந்தையைப் பார்த்தார்.

“ஹப்பு நின்னா எதுவுமே கெடைக்காது சார். பேட்ச் ஃபைல் ரெண்டாவது கம்ப்யூட்டர்ல ஆரம்பிக்குது. அங்கயே நின்னுடுது. மூணும் நாலும் கெடைக்குதான்னு அது பாக்கவே இல்ல. அதனாலதான் எப்பவும் ரெண்டாவது பேரு” என்றேன். அவரிடம் நான் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீளமான பேச்சு அது.

நைனா ஆம்ப்ளிஃபையரின்மேல் கை வைத்தபடி நின்றார். “அப்ப அந்தப் பொண்ணு தெனமும் உக்காந்துகினு இருந்தது என்னாலயா?”

மூன்றாம் கணினியின் மானிட்டர் பிளக்கை நான் பிடுங்கினேன். பேக்கப்புக்கு மானிட்டர் தேவையில்லை. அங்கே ஹப்பைச் செருகினேன். விளக்குகள் மினுக்கின. பேட்ச் ஃபைலைக் கையால் ஓட்டினேன். இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் வந்தன. நைனாவின் பிளக்கு செருகிய இடத்திலேயே இருந்தது.

வெளியே அவருக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு பெண் தன் கணவரைத் தேடிக்கொண்டு நின்றார். அடையாளம் கேட்டதற்கு, மொட்டைத் தலை, சந்தனம் பூசியிருக்கும் என்றார்.

“இன்னைக்கு இந்த ஊருல பாதிப் பேரு மொட்டைதான்மா” என்றார் நைனா. “சட்ட கலரு சொல்லு.”

தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை அறிவித்தார். நீலக் கோடு போட்ட சட்டை உடனே வந்து சேர்ந்தது. எங்கள் பந்தலிலேயே மூன்றாவது டம்ளர் மோர் குடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கணவரை ஒரு வார்த்தை திட்டிவிட்டு, அவர் கையிலிருந்த மோரை வாங்கித் தான் குடித்தார்.

பிறகு நைனா தொண்டையைச் செருமினார். சன்னல் வழியாக என்னைப் பார்த்தார். மைக்கில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பொதட்டூர்பேட்ட தேசம்மா எங்க இருந்தாலும் கேட்டுக்கம்மா. கம்ப்யூட்டர நீ நிறுத்தல. நிறுத்துனது நைனா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நாளையிலேர்ந்து ஆறு மணி பஸ்ஸுக்கே போலாம், பாஸ்கரு சொல்லிட்டான்.”

பாஸ்கர் சார் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்த ஒலிபெருக்கி பேருந்து நிலையத்தைப் பார்த்துக் கட்டப்பட்டது. ஊருக்கே கேட்டபின் மறுக்க வழியில்லை. அவர் சற்று நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு சிரித்துவிட்டார்.

5. ஒப்படைப்பு

இனி செய்ய வேண்டியவை. சன்னலோரம் யு.பி.எஸ்.ஸிலிருந்து தனியாக ஒரு பிளக் பாயின்ட் போட்டிருக்கிறோம். அதன்மேல் சிவப்பு டேப்பில் ‘நைனா மைக்’ என்று இருக்கும்; அதில் வேறு எதையும் செருகாதீர்கள். ஹப்பின் பிளக்கு டேப் சுற்றி ஒட்டப்பட்டிருக்கிறது. பேட்ச் ஃபைலை மாற்றி எழுதியாயிற்று. இப்போது ஒரு கணினி கிடைக்காவிட்டாலும் மற்றவற்றைத் தேடிப் போகும், ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதும். மூன்று வரியும் ஒரேமாதிரி ‘கிடைக்கவில்லை’ என்றால் கணினிகளை விட்டுவிட்டு ஹப்பைப் பாருங்கள். வாரம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்து, திறந்து, படித்துப் பாருங்கள். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் அன்றைய நட்சத்திரத்தையும் குறியுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

இன்னொன்று. லாக் கோப்பு தான் எங்கே நின்றது என்பதைத்தான் சொல்கிறது. ஏன் நின்றது என்று அதற்குத் தெரியாது. அது சொல்லாததை நான் ஓர் அழகான வரியில் சொல்லிவிட்டேன். அதற்கு மூன்று வாரம் இன்னொருவர் ஏழரைப் பேருந்தில் போனார். நோட்டில் ஒருவர் உட்காரும் கணினியின் பெயரை எழுதுமுன், எழுந்துபோய் ஒருமுறை பாருங்கள்.

அந்தக் கிருத்திகைக்கு மறுநாள், சனிக்கிழமை, தேசம்மாள் வழக்கத்தைவிடக் கால்மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். சாரைப் பார்த்து வணக்கம் சொன்னார். சார், கூட்டத்தில் பேருந்து எப்போது கிடைத்தது என்று மிகவும் அக்கறையாக விசாரித்தார். ஏழரைக்குத்தான் என்றார் தேசம்மாள். பழக்கமாகிவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டார். சார் மாடிக்குப் போய் எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்தார், தானே.

பிறகு தேசம்மாள் கிருத்திகைத் தாளைக் கிழித்து, பின்புறம் ‘18’ என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

“பஸ் ஸ்டாண்டே கேட்டுச்சு தமிழம்மா. பக்கத்துல ஒருத்தரு, யாருமா அந்த தேசம்மா, பாவம், தொலைஞ்சு போயிட்டாங்களான்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கெடச்சுட்டாங்கன்னு சொன்னேன்” என்றவர், இரண்டாம் கணினியின் முன் உட்கார்ந்து கடுக்காயைத் தொடர்ந்தார்.